ராமன் வருவதற்கு முந்தைய 31 ஆண்டுகள்

பிப்ரவரி 28 வந்தால் பள்ளிக்கூடங்களில் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுவார்கள். அன்றைக்கு மாணவர்கள் மேடையேறிச் சொல்வது நமக்கெல்லாம் மனப்பாடம். சி.வி.ராமன் கப்பலில் வந்துகொண்டிருந்தார், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தார், ஏன் இப்படி என்று யோசித்தார், ராமன் விளைவைக் கண்டுபிடித்தார், நோபல் பரிசு வாங்கினார். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கப்பல் பயணம் நடந்தது 1921-இல், கண்டுபிடிப்பு நடந்தது 1928-இல். இடையில் ஏழு ஆண்டுகள் போயிருக்கின்றன. அந்த ஏழு ஆண்டும் வேலை நடந்த இடம், கல்கத்தாவில் பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடம்.

அந்தக் கட்டடம் யார் காசில் எழுந்தது, எதற்காக எழுந்தது, யார் யாரை உள்ளே விட்டது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டால்தான் ராமன் விளைவு நமக்கு முழுதாகப் புரியும் என்று நினைக்கிறேன். இந்திய விஞ்ஞானிகளைப் பற்றிப் பேசும்போது நாம் ஆட்களின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் வேலைசெய்த அறையை விட்டுவிடுகிறோம். அந்த அறையை ஒருவர் கட்டினார். அவர் இயற்பியலாளர் அல்ல, மருத்துவர். ராமன் அங்கே காலடி வைப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே இறந்துபோனார்.

மருத்துவரின் பிடிவாதம்

மகேந்திரலால் சர்க்கார் 1833-இல் ஹவுரா அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன்கள் வீட்டில் வளர்ந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் படித்து 1863-இல் எம்.டி. பட்டம் பெற்றார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது ஆள் அவர். ஊரில் பெரிய டாக்டர், கைநிறைய வருமானம்.

1867-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் வங்காளக் கிளைக் கூட்டத்தில் எழுந்து, தன் துறையின் சிகிச்சை முறைகளையே கடுமையாக விமர்சித்துப் பேசினார். ஹோமியோபதியை ஆதரிக்கவும் செய்தார். ஒருகாலத்தில் அதை மூர்க்கமாக எதிர்த்தவர்தான். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். நோயாளிகளும் வருவதை நிறுத்தினார்கள். ஹோமியோபதி பற்றி அவர் வந்தடைந்த முடிவை இன்றைய அறிவியல் ஏற்காது, நானும் ஏற்கவில்லை. ஆனால் சரி என்று பட்டதைச் சபையில் சொல்லி அதற்கான விலையையும் கொடுக்கும் குணம்தான் பிற்பாடு அந்தக் கட்டடத்தை எழுப்பியது.

1869-இல் தான் நடத்திவந்த மருத்துவ இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியர்கள் தாங்களே அறிவியல் ஆராய்ச்சி செய்வதற்கு ஒரு தேசிய நிறுவனம் வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைய நிலையை நினைத்துப் பார்த்தால்தான் இதன் துணிச்சல் விளங்கும். கல்லூரிகளில் அறிவியல் என்பது பாடப் புத்தகத்தோடு நின்றது. இந்தியருக்கு ஆராய்ச்சி எதற்கு, அது அவர்களால் ஆகிற காரியமா என்று கேட்கும் அதிகாரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். பிற்பாடு 1885-இல் ஜகதீஷ் சந்திர போஸ் பிரசிடென்சி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோதுகூட, ஐரோப்பியருக்குக் கொடுத்த சம்பளத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளத்தைத் தொடாமலே பாடம் நடத்தித்தான் அவர் தன் உரிமையைப் பெற்றார்.

சர்க்கார் ஊர் ஊராக, வீடு வீடாக நன்கொடை கேட்டார். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் உடன் நின்றார். பங்கிம் சந்திரர் தன் பத்திரிகையில் ஆதரித்து எழுதினார். பெல்ஜியத்திலிருந்து வந்து செயின்ட் சேவியர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஏசு சபைப் பாதிரியார் லாஃபோன் தோள் கொடுத்தார். எதிர்ப்பும் இருந்தது. ‘இந்தியன் லீக்’ என்ற அமைப்பினர், நாட்டுக்குத் தேவை தொழிற்கல்விக்கூடம்தான், சோறு போடாத ஆராய்ச்சி எதற்கு என்று வாதாடினார்கள். வறுமையில் கிடந்த நாட்டில் அது நியாயமான கேள்விதான். அதற்கு லாஃபோன் சொன்ன பதில் இன்றைக்கும் யோசிக்க வைக்கிறது. தொழில் மட்டும் கற்றுக்கொடுத்தால் ஐரோப்பியரின் மேற்பார்வையில் வேலைசெய்யும் கைகளைத்தான் உருவாக்குவோம், தங்கள் துறையைத் தாங்களே ஆளும் மனிதர்களை உருவாக்க அடிப்படை அறிவியல் வேண்டும் என்பது அவர் கட்சி.

கடைசியில் 1876 ஜூலை 29 அன்று ‘இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகம்’ தொடங்கியது. அரசாங்கத்தின் பிடியில் இல்லாமல், இந்தியர்களே நிர்வகிக்கும் நிறுவனமாக இருக்கவேண்டும் என்பதில் சர்க்கார் விட்டுக்கொடுக்கவில்லை. நன்கொடையில் சொற்பொழிவு மண்டபம் வந்தது. விஜயநகரம் மகாராஜாவின் கொடையில் ஆய்வுக்கூடம் வந்தது. வங்காளத்து நிறுவனம் என்று நாம் நினைக்கும் இடத்தின் ஆய்வுக்கூடம் தெலுங்கு நாட்டு சமஸ்தானப் பணத்தில் எழுந்தது என்பது பலருக்குத் தெரியாது. கருவிகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

மாலை நேரங்களில் சொற்பொழிவுகள் நடந்தன. லாஃபோன் பேசினார், ஜகதீஷ் சந்திர போஸ் பேசினார், இளம் கணித அறிஞரான ஆசுதோஷ் முகர்ஜி பாடம் எடுத்தார். கூட்டமும் வந்தது. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் வரவில்லை. முழுநேரப் பேராசிரியர்களைச் சம்பளம் கொடுத்து அமர்த்தினால்தான் ஆராய்ச்சி நடக்கும் என்று சர்க்காருக்குத் தெரியும். அதற்கான நிதிதான் சேரவே இல்லை. சொற்பொழிவு கேட்கக் கைதட்டிய செல்வந்தர்கள், பேராசிரியர் பதவிக்கு நிதி கேட்டபோது பின்வாங்கினார்கள். ஆண்டறிக்கைக்கு ஆண்டறிக்கை இதையே சொல்லிப் புலம்பியபடி, தன் முயற்சி தோற்றுவிட்டது என்ற எண்ணத்தோடு 1904-இல் அவர் இறந்தார். மகன் அம்ரிதலால் சர்க்கார் செயலாளர் பொறுப்பை ஏற்று, கருவிகளைத் துடைத்து, கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

சாயங்காலம் தட்டப்பட்ட கதவு

1907-இல் கல்கத்தாவுக்கு உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாக வந்தார் ராமன். வயது 18. திருச்சி திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, மாணவராக இருந்தபோதே லண்டனில் வெளியான ‘ஃபிலசாஃபிக்கல் மேகசின்’ இதழில் ஒளியின் விளிம்பு விளைவு பற்றிக் கட்டுரை எழுதியவர். இங்கிலாந்து போய்ப் படிக்க உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இங்கே இருந்துகொண்டே அறிவியலில் பிழைக்க வழியில்லை. எனவே நிதித்துறைத் தேர்வு எழுதி, முதலிடம் பெற்று, அதிகாரியாகிவிட்டார். அந்தக் காலத்தில் கெட்டிக்காரப் பையன்கள் எல்லாருக்கும் இருந்த ஒரே பாதை அதுதான்.

பௌபஜார் பக்கம் ஸ்காட்ஸ் சந்தில் வீடு. டிராமில் போகும்போது கழகத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. சாயங்காலம் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே. எல்லாரும் ‘ஆஷு பாபு’ என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே அழைத்துப்போய் அம்ரிதலாலிடம் விட்டார். ஓய்வு நேரத்தில் இங்கே ஆய்வு செய்யலாமா என்று ராமன் கேட்டார். 31 ஆண்டுகளாக அந்தக் கட்டடம் யாருக்காகக் காத்திருந்ததோ அவர் வந்துவிட்டார்.

என்ன பட்டம் வாங்கியிருக்கிறாய், எந்தப் பல்கலைக்கழகத்தில் பதவி, யார் சிபாரிசு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அரசாங்கக் கல்லூரி ஆய்வுக்கூடமாக இருந்தால் கணக்கு ஆபீசர் ஒருவருக்கு என்ன வேலை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். பதவி இல்லாதவனையும் உள்ளே விடும் ஆய்வுக்கூடமாகச் சர்க்கார் அதைக் கட்டியிருந்தார். ராமன் விளைவுக்கு அடித்தளம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் பத்து ஆண்டுகள் ராமனின் நாள் இப்படிப் போனது. அதிகாலை ஐந்தரைக்குக் கழகம். பத்து மணிக்குள் வீட்டுக்கு ஓடிவந்து, குளித்து, அள்ளிப்போட்டுக்கொண்டு ஆபீஸ். ஐந்து மணிக்கு ஆபீஸிலிருந்து நேரே மறுபடியும் கழகம். வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை, பத்து. நடுவில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றினார்கள். 1911-இல் கல்கத்தா திரும்பியதும் கழகத்துக்கு ஒட்டினாற்போல வீடு பார்த்துக்கொண்டு, நேரே உள்ளே போக ஒரு கதவும் வைத்துக்கொண்டார். இந்த வாழ்க்கையை ராமனின் மனைவி லோகசுந்தரி அம்மாள் எப்படிச் சமாளித்திருப்பார் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதியிருக்கவேண்டும்.

கருவிகள் சாதாரணமானவை. அதனால் எளிய கருவியால் கேட்கக்கூடிய கேள்விகளையே ராமன் எடுத்துக்கொண்டார். அதிரும் கம்பிகள், வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம். வயலினில் வில்லை ஒரே சீராக இழுப்பதற்கு ஓர் இயந்திரத்தையே கழகத்தில் செய்துவைத்தார்கள்.

மிருதங்க ஆய்வைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் அடிச்சுரத்தோடு ஒத்துப்போகாது. அதனால்தான் பெரும்பாலான முரசுகள் சத்தம் தருமே தவிர சுருதி தராது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசியிருக்கும் கருப்புக் கரணை அந்தத் தோலின் எடையை நடுவில் கூட்டுகிறது. அதனால் முதல் ஐந்து மேல்சுரங்கள் கம்பி வாத்தியத்தில் வருவதைப்போல ஒழுங்காக அடுக்கடுக்காக வந்து நிற்கின்றன. தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால் அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கி நிற்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கோலம் விழும். நம் கைவினைஞர்கள் காதால் மட்டுமே கண்டுபிடித்துவைத்திருந்ததை ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

ஆஷு பாபு பல்கலைக்கழகம் போனவர் அல்ல. ஆனால் கருவி அமைப்பதிலும் ஆய்வை நடத்துவதிலும் ராமனின் வலக்கையாக இருந்தார், அவரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டார். ராமன் பகலெல்லாம் ஆபீஸில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஆய்வுக்கூடம் இயங்கியது என்றால் அது அவரால்தான். அறிவியல் பாடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி கொடுத்தால் குறைந்துபோய்விட மாட்டோம்.

1917-இல் அடுத்த திருப்பம். வழக்கறிஞர்களான தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் இருவரும் கொடுத்த பெருந்தொகையில் ஆசுதோஷ் முகர்ஜி, அப்போது கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தூணாக இருந்தவர், அறிவியல் கல்லூரி தொடங்கியிருந்தார். மேகநாத் சாகா, சத்யேந்திரநாத் போஸ் போன்ற இளைஞர்களைப் பிடித்துப்போட்டதும் அவர்தான். பாலித் பெயரில் ஏற்பட்ட பேராசிரியர் பதவியை ராமனுக்குக் கொடுக்க முகர்ஜி விரும்பினார். வெளிநாடு போய்ப் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. போக முடியாது என்று ராமன் மறுத்தார். நிபந்தனையைத் தளர்த்தினார்கள். அரசாங்க வேலையில் மாதம் ரூ.1,100 வாங்கிக்கொண்டிருந்தவர் ரூ.600 சம்பளத்துக்கு வந்தார். வந்தபிறகும் ஆய்வுக்குப் பழைய இடமான கழகத்தையே பெரும்பாலும் பயன்படுத்தினார். 1919-இல் அம்ரிதலால் இறந்ததும் கௌரவச் செயலாளர் பொறுப்பும் அவரிடமே வந்தது.

ஏழு ஆண்டுகள்

1921-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பும்போதுதான் அந்தக் கடல். வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்று ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் பையில் நைக்கல் பட்டகம் ஒன்று வைத்திருந்தார். தண்ணீரின் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைக் குறிப்பிட்ட கோணத்திலிருந்து பட்டகம் வழியாகப் பார்த்தால் அந்தப் பிரதிபலிப்பை அணைத்துவிடலாம். அணைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. ஆக, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. கப்பலிலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

நீலக் கடல் பற்றிய கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது. ராமன் விளைவு அதற்கு அடுத்த கேள்வியிலிருந்து வந்தது. திரவங்கள் ஒளியை எப்படிச் சிதறடிக்கின்றன என்று கல்கத்தாவில் ஒவ்வொரு திரவமாக எடுத்து அளக்கத் தொடங்கினார்கள். இந்த வேலைக்குத் தெற்கிலிருந்து இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பாலக்காட்டுக்காரரான கே.ஆர்.ராமநாதன் முதலில் ஓர் ஆண்டு வந்து தங்கி வேலைசெய்தார், பிறகு ரங்கூனில் வேலை பார்த்துக்கொண்டே விடுமுறைகளில் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவர், 1923-இல் வந்து சேர்ந்தார்.

அந்த 1923-இலேயே ராமநாதனுக்கு ஒரு விசித்திரம் தட்டுப்பட்டது. சூரிய ஒளியை ஊதா-நீல வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினால் நீலக் கீற்று தெரியும். அந்த நீலத்தை முழுக்க மறைக்கும் பச்சை வடிகட்டியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தால் இருட்டாக இருக்கவேண்டும். இருட்டாகவில்லை. மங்கலாக ஏதோ மிச்சம் இருந்தது. திரவத்தில் அழுக்கு இருக்கும், அது ஒளிர்கிறது என்று முதலில் நினைத்தார்கள். மறுபடி மறுபடி காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்தினார்கள். மிச்சம் போகவில்லை. ‘பலவீனமான ஒளிர்வு’ என்று ஒரு பெயர் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். 1925-இல் கிருஷ்ணனும் பார்த்தார். அவரும் விட்டுவிட்டார். கண்முன்னால் இருந்ததை நான்கைந்து ஆண்டுகள் யாராலும் அடையாளம் காண முடியவில்லை. ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. பேச்சுப்போட்டியில்தான் எல்லாம் ஒரே நொடியில் நடந்துவிடுகிறது.

1927-இன் கடைசியில் இரண்டு விஷயங்கள் சேர்ந்துவந்தன. ஒன்று, காம்ப்டனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களில் மோதிச் சிதறும்போது அலைநீளம் மாறுகிறது என்று காட்டியவர் அவர். எக்ஸ் கதிருக்கு நடப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் நடக்கவேண்டுமே என்ற எண்ணம் ராமனைப் பிடித்துக்கொண்டது. இன்னொன்று, எஸ்.வெங்கடேஸ்வரன் கிளிசரினில் கண்டது. அந்த மிச்ச ஒளி நீலமாக இல்லாமல் பச்சையாக, அதுவும் பலமாகத் தளவிளைவு அடைந்ததாக, அதாவது ஒளி அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதாக இருந்தது. இது முக்கியம். சாதாரண ஒளிர்வில் இப்படித் தளவிளைவு இருக்காது. அப்படியானால் அது அழுக்கும் இல்லை, ஒளிர்வும் இல்லை. சிதறல்தான். சிதறும்போதே நிறம் மாறியிருக்கிறது.

வெங்கடேஸ்வரன் யார்? அலிப்பூரில் அரசாங்கச் சோதனைக்கூடத்தில் வேலைபார்த்தவர். ஆபீஸ் முடிந்த நேரத்திலும் விடுமுறை நாளிலும் கழகத்துக்கு வந்து ஆய்வு செய்துகொண்டிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் ராமன் எப்படி வந்தாரோ அப்படியே. சர்க்கார் வைத்துவிட்டுப்போன கதவு இரண்டாவது முறையும் பகுதிநேரக்காரர் ஒருவருக்குத் திறந்திருந்தது. அதனால்தான் அந்தப் பச்சை நிறம் சரியான ஆளின் காதுக்கு எட்டியது.

1928 ஜனவரிக் கடைசியில் கிருஷ்ணனை ராமன் கூப்பிட்டார். கோட்பாட்டுக் கணக்குகளில் மூழ்கியிருந்தவரை, அதை ஒதுக்கிவைத்துவிட்டு ஆய்வுமேசைக்கு வரச் சொன்னார். பிப்ரவரியில் கல்கத்தா வானம் தெளிவாக இருக்கும், அது வசதி. சூரியனைத் தொடரும் கண்ணாடி ஒன்று வெயிலைப் பிடித்து அறைக்குள் அனுப்பும். 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வில்லை அதைக் குவித்து, திரவம் நிரப்பிய கண்ணாடிக் குடுவைக்குள் இறக்கும். வழியில் ஒரு நிற வடிகட்டி. குடுவைக்குப் பக்கவாட்டில் இன்னொரு வடிகட்டி, அதன் பின்னால் மனிதக் கண். இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்து பார்க்கவேண்டும். மொத்தச் செலவே சில நூறு ரூபாய்தான் என்பார்கள். கிட்டத்தட்ட அறுபது திரவங்களைப் பார்த்தார்கள். ஒன்றுகூட விலக்காக இல்லை, எல்லாவற்றிலும் அந்த ஒளி இருந்தது.

வடிகட்டி மட்டும் வைத்து நிறம் மாறியது என்று சொல்லலாமே தவிர, எவ்வளவு மாறியது என்று சொல்ல முடியாது. பிப்ரவரி 28 அன்று வடிகட்டிக்குப் பதில் நிறமாலைகாட்டி வழியாகப் பார்த்தார்கள். உள்ளே விட்ட ஒளி ஓரிடத்தில், அதிலிருந்து இருட்டு இடைவெளி விட்டு இன்னோர் ஒளி வேறிடத்தில். சந்தேகத்துக்கு இடமே இல்லை. மறுநாள் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார்கள். பிறகு பாதரச விளக்கை வைத்துப் பார்த்தபோது புதிய கோடுகள் கத்தி வெட்டினாற்போலத் தனித்தனியாகத் தெரிந்தன.

நடப்பது இதுதான். ஒளித்துகள் ஒன்று மூலக்கூறில் மோதும்போது பெரும்பாலும் வந்த ஆற்றலோடே திரும்பிப் போகும். பல லட்சத்தில் ஒன்று மட்டும் அந்த மூலக்கூறுக்குத் தன் ஆற்றலில் கொஞ்சம் கப்பம் கட்டிவிட்டுப் போகும். ஆற்றல் குறைந்ததால் அதன் நிறம் சிவப்புப் பக்கமாக நகர்ந்துவிடும். ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிலிருந்து ஆற்றலை வாங்கிக்கொண்டு நீலப் பக்கம் நகர்வதும் உண்டு. எவ்வளவு கொடுக்கும், எவ்வளவு வாங்கும் என்பதை மூலக்கூறின் அதிர்வுகள் தீர்மானிக்கின்றன. பென்சீனுக்கு ஒரு கணக்கு, ஆல்கஹாலுக்கு வேறு கணக்கு. ஆகவே சிதறிய ஒளியை அளந்தால், தொடாமலே, உடைக்காமலே உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 1960-இல் லேசர் வந்தபிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. மாத்திரையில் சொன்ன மருந்துதான் இருக்கிறதா, வைரம் அசலா, பழைய ஓவியத்தில் பூசிய நிறமி எது என்று பார்ப்பதெல்லாம் இந்த முறையில்தான். செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியும் பாறைகளைச் சோதிக்க ராமன் நிறமாலைக் கருவியைக் கொண்டுபோயிருக்கிறது.

அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைப் பார்த்துவிட்டார்கள். அவர்கள் அச்சில் கொண்டுவரத் தாமதமாகிவிட்டது. ராமன் தாமதிக்கவில்லை. 1926-இல் கழகத்திலேயே ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ என்ற இதழைத் தொடங்கியிருந்தார். மார்ச் 16 அன்று பெங்களூரில் அவர் ஆற்றிய உரை மார்ச் மாதம் முடிவதற்குள் அதில் அச்சாகி, பிரதிகள் உலகெங்கும் அஞ்சலில் போய்ச் சேர்ந்தன. சொந்த அச்சு இதழ் இருந்ததும் அந்தக் கட்டடத்தின் பலம்தான்.

விடுபட்டவர்கள்

‘நேச்சர்’ இதழில் வந்த முதல் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தன. 1930-இன் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. இதில் அநியாயம் நடந்ததா என்ற விவாதம் இன்றும் தீரவில்லை. கேள்வியை எழுப்பியவர், ஏழு ஆண்டு விடாமல் துரத்தியவர், காம்ப்டனோடு முடிச்சுப் போட்டவர் ராமன்தான். அந்த ஒரு மாதம் கண்ணை இருட்டில் பழக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவர் கிருஷ்ணன். பரிசை எப்படிப் பங்கிட்டிருக்கவேண்டும் என்பதை விட்டுவிட்டாலும், நம் ஊர்ப் பாடப் புத்தகத்தில் கிருஷ்ணன் பெயர் ராமன் பெயருக்குப் பக்கத்தில் வந்தே ஆகவேண்டும். வத்திராயிருப்பிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளைக்கோ பையனுக்கோ அது எவ்வளவு பெரிய விஷயம்!

பெண்பிள்ளை என்று சொன்னதால் இதையும் சொல்லவேண்டும். சர்க்கார் பெண் கல்வியில் பிடிப்புள்ளவர். பின்னாளில் ஜகதீஷ் சந்திர போஸின் மனைவியான அபலா, மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தபோது ஆதரித்தவர்களில் ஒருவர். ராமனோ 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் போனதும், அங்கே சேர வந்த கமலா பாகவத்தை, பெண் என்ற காரணத்துக்காக மறுத்தார். அவர் விடாப்பிடியாக நின்று, நிபந்தனைகளோடு சேர்ந்து, தகுதியை நிரூபித்தார். 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். கமலா சோஹோனி என்று பிற்பாடு அறியப்பட்டவர் அவர்தான். கணக்கு ஆபீசர் என்றும் பாராமல் தனக்குக் கதவு திறந்த ஓர் இடத்தால் மேலே வந்தவர், இன்னொருவருக்குக் கதவைச் சாத்தியது எனக்கு வலிக்கிறது. அவர் சாதனையை மதிப்பதால்தான் அதிகமாக வலிக்கிறது.

கழகத்தோடு ராமனின் உறவும் நல்லபடி முடியவில்லை. உறுப்பினர் சேர்க்கையையும் நிர்வாகத்தையும் பற்றி எழுந்த சண்டையில் 1934-இல் அவர் பிடி முழுக்க விட்டுப்போனது. தெற்கிலிருந்து வந்தவர்களுக்கே இடம் கொடுக்கிறார் என்று வங்காளத்தவர் குறைபட்டார்கள். இரண்டு பக்கத்திலும் கசப்பு. ஆனால் அங்கே பயிற்சி பெற்றவர்கள் நாடெங்கும் போனார்கள். ராமநாதன் வானிலைத் துறைக்குப் போய், வளிமண்டல ஓசோன் ஆய்வில் பெயர்பெற்று, அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். எல்.ஏ.ராமதாஸ் வேளாண் வானிலையியலுக்கு அடித்தளம் போட்டார். தெளிந்த இரவில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இல்லாமல் அதற்குச் சற்று மேலே இருக்கிறது என்று அவர் சொன்னதை வெகுகாலம் யாரும் நம்பவில்லை. பிறகு ‘ராமதாஸ் அடுக்கு’ என்றே அதற்குப் பெயர் நின்றது.

சர்க்கார் உயிரோடு இருந்தவரை கேட்டுக்கொண்டே இருந்த முழுநேரப் பேராசிரியர் பதவியும் ஒருவழியாக வந்தது. ராமன் பெங்களூர் போன அதே 1933-இல், கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் என்ற பதவி ஏற்பட்டது. அவர் இறந்து 29 ஆண்டுகள் கழித்து. இடையில் டாக்கா பல்கலைக்கழகம் போயிருந்த கிருஷ்ணன் திரும்பிவந்து அந்தப் பதவியில் முதல் ஆளாக உட்கார்ந்தார். படிகம் ஒன்றைக் காந்தப் புலத்தில் மெல்லிய இழையில் தொங்கவிட்டு, அது எந்தப் பக்கம் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளந்து, உள்ளே மூலக்கூறுகள் எந்தத் திசையில் அடுக்கியிருக்கின்றன என்று கண்டுபிடிக்கும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1947-இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். கழகம் பிறகு மேகநாத் சாகாவின் முயற்சியில் ஜாதவ்பூருக்கு இடம் மாறி இன்றும் அங்கே நடக்கிறது. பௌபஜாரின் பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு வணிகவியல் கல்லூரி இருக்கிறது.